சின்னக்காவுக்கு ஒரு சொல்

சின்னக்கா காலமான இருபத்திரண்டாம் நாள் காலையில், தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் விறாந்தையில் இருந்தபோது அந்தச் சொல் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. கனடாவில் இருக்கும் அவளுடைய மகள், அக்கா மகள் என்ற முறையில் என் மருமகள், தாயைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். முதல் வரியிலேயே அது நின்றது. தன் அம்மா தான் பார்த்த மனிதர்களிலேயே மிகவும் விவேஷியஸான பெண் என்று எழுதியிருந்தாள். முப்பத்தைந்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு அது புதிய சொல் அல்ல. கலகலவென்று, துள்ளலும் சிரிப்புமாக இருக்கிற பெண்ணுக்குச் சொல்வது. ஆனாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தேன். பிள்ளை வேறு யாரையோ நினைத்து எழுதிவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. கொக்குவிலில் என் வீட்டில் முப்பத்தெட்டு வருடம் இருந்துவிட்டுச் செத்துப்போன என் சின்னக்காவுக்கு, இந்த உலகத்தில் உள்ள சொற்களிலே பொருந்தாத சொல் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

அந்தப் பக்கம் கல்வெட்டில் போடுவதற்காக வந்தது. கல்லில் வெட்டுவது ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்போம். அட்டையில் அவருடைய படம், உள்ளே தேவாரங்கள், குடும்ப வரலாறு, மக்கள் மருமக்கள் எழுதும் நினைவுகள். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதைத் தமிழாக்குகிற வேலை ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் தலையில் விழுந்தது. அதில் நான் கைதேர்ந்தவன் என்று ஊரில் ஒரு பெயரும் உண்டு. உண்மையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்வெட்டில் எல்லோரும் நல்லவர்கள். ஆணென்றால் நேர்மையின் உறைவிடம், பெண்ணென்றால் அமைதியே வடிவானவர். வேலிச் சண்டையில் பக்கத்து வீட்டுப் பரம்பரையையே கிழித்துத் தொங்கவிட்ட பெண்களுக்கும் நான் அமைதியே வடிவானவர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் மறுத்தது கிடையாது.

சின்னக்காவின் குடும்ப வரலாற்றையும் நான்தான் எழுதினேன். ஒருநாள் முழுக்க இருந்து எழுதிய அதிலும் மூன்றாம் பக்கத்தில் என் கை தன்பாட்டில் 'அமைதியே வடிவானவர், அதிர்ந்து பேசாதவர்' என்று போட்டுவிட்டது. மற்றப் பெண்களுக்கு அது சும்மா வார்த்தை. சின்னக்காவுக்கு அது மெய்யிலும் மெய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மருமகளின் பக்கத்தைத் தமிழாக்குவதற்கு உட்கார்ந்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அலுமாரியில் இருந்த பெரிய அகராதியை இறக்கினேன். பழக்கதோஷம். வாழ்க்கையில் எது பிடிபடாவிட்டாலும் அகராதியில் பார்த்தால் சரிவரும் என்ற நம்பிக்கை வாத்திமாருக்கு இருக்கிறது. அதில் அந்தச் சொல்லின் பூர்வீகம் இருந்தது. லத்தீனில் 'விவாக்ஸ்' என்று ஒரு சொல். அதற்குச் சிரிப்போடும் துள்ளலோடும் அவ்வளவு சம்பந்தமில்லை. நெடுநாள் உயிரோடிருக்கிற, இலேசில் சாகாத என்பதுதான் பொருள். அதற்கும் அடியில் 'விவெரே', அதாவது வாழ்தல். ஆங்கிலத்திலும் பழைய காலத்தில் அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. தாவரம் படிக்கிறவர்கள், பனிக்காலத்தில் பட்டுப்போனது போலக் கிடந்து அடுத்த வருடம் அதே வேரிலிருந்து முளைக்கிற செடிகளை இந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால் லத்தீன்காரரின் அந்த வாழ்தலும் வடமொழியின் சீவனும் ஒரே ஆதி வேரில் இருந்து பிரிந்தவை என்கிறார்கள். நாங்கள் நாளுக்கு நாலு தரம் சொல்கிற சீவியம் என்ற சொல்லுக்கும் அது சொந்தம். சிரிக்கிறதற்கும் சீவிக்கிறதற்கும் இவ்வளவு கிட்டிய உறவு என்று எனக்கு அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

கலகலப்பானவர் என்று எழுதி, அதையே அச்சகத்துக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து, அங்கே தட்டச்சு செய்கிற பிள்ளை தொலைபேசியில் எடுத்தாள். நல்ல பிள்ளை, புத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்து போகிறவள். ஒரு புள்ளி பிழைத்தாலும் விடமாட்டாள்.

"சேர், ஒரு சின்னச் சந்தேகம். மூண்டாம் பக்கத்திலை அமைதியே வடிவானவ எண்டு கிடக்கு. ஏழாம் பக்கத்திலை கலகலப்பானவ, வீட்டை ஒரு நிமிசம் சும்மா இருக்க விடாதவ எண்டு கிடக்கு. ரெண்டும் ஒரே ஆளைத்தானே சேர்?"

அவள் கேட்டதில் நக்கல் இல்லை. நான்தான், "பொறுங்கோ பிள்ளை, நாளையிண்டைக்குச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன்.

ஏனென்றால், ஏழாம் பக்கத்துப் பெண்ணையும் எனக்குத் தெரியும். நான்தான் அவளை முதலில் தெரிந்தவன். சின்னக்கா என்னை விட மூன்று வயது மூத்தவள். கல்யாணம் கட்டிப் புத்தூருக்குப் போகும்வரை எங்கள் வீட்டில் சத்தம் என்றால் அவள்தான். ஆட்களைப் போலக் கதைத்துக் காட்டுவதில் அவளை வெல்ல ஆளில்லை. பஸ் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்துவது, கோயில் ஐயர் மந்திரத்துக்கு நடுவில் தேங்காய் எங்கே என்று கேட்பது, சங்கக்கடை மனேச்சர் சீனி இல்லை என்று சொல்வதற்கு முன் இருமுவது, எல்லாம் அப்படியே வரும். தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பாள். சிரிக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய முதுகில் ஓங்கி ஒன்று விழும். என் முதுகுதான் பெரும்பாலும் பக்கத்தில் இருந்தது. எங்கள் ஐயா எவ்வளவோ தரம், "பொம்பிளைப் பிள்ளை, கொஞ்சம் மெல்லச் சிரி" என்று சொல்லிப் பார்த்து, கடைசியில் தானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அத்தானுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது மருந்துகள் கிடைக்காத காலத்தில். ஒரு கிழமை, ஏழே நாளில் போய்விட்டார். சின்னக்காவுக்கு முப்பத்தொரு வயது, பிள்ளைக்கு ஏழு வயது. இருவரையும் நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஐயாவும் அம்மாவும் அப்போது இல்லை. வீட்டுக்குப் பொறுப்பானவன் நான், வேலை கிடைத்து நாலு வருடமான ஆங்கில வாத்தியார். தம்பி என்ற முறையில் செய்ய வேண்டியதை ஒரு குறையும் இல்லாமல் செய்தேன் என்று இவ்வளவு காலமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன். சாப்பாடு, துணி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ஆண்டுத் திவசம் எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த ஒரு வருடமும் சின்னக்கா சிரிக்கவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. கிணற்றடி, குசினி, சுவாமி அறை என்று நிழல் மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

திவசம் முடிந்து இரண்டு மாதத்தில் எனக்குப் பக்கத்து ஊரான திருநெல்வேலியில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. சாதகம் சரி, குடும்பம் சரி. பெண்ணின் பெரியப்பாவும் பெரியம்மாவும் வீட்டைப் பார்த்துப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெரியப்பா பெரிய மனிதர். தன் பாட்டன் எந்தக் கோயிலுக்கு என்ன கட்டிக் கொடுத்தார் என்பதில் தொடங்கி நிறுத்தாமல் கதைத்துக்கொண்டே போனார். பக்கத்து வளவுக் கோழி ஒன்று விறாந்தையில் ஏறி அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த வடைத் தட்டத்தை நோட்டம் பார்த்தது. அவர் கதை ருசியில் தட்டத்தைப் பார்க்காமலே கையை நீட்டினார். வடை என்று நினைத்துக் கோழியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். கோழி போட்ட கூச்சலில் அவர் கதிரையோடு பின்னால் சாய்ந்தார்.

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற சின்னக்கா சிரித்துவிட்டாள். சும்மா சிரிப்பா? பழைய சிரிப்பு. அடிவயிற்றில் இருந்து கிளம்பி, இரண்டு வளவு தாண்டிக் கேட்கிற சிரிப்பு. தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. அத்தான் செத்த பிறகு அவள் சிரித்த முதற் சிரிப்பு அது. பட்டுப்போய்விட்டது என்று எல்லாரும் நினைத்த வேரில் அன்றைக்குத்தான் ஒரு தளிர் வந்தது. அதை நான் பார்க்கவில்லை. பெரியப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்கள் படலையைத் தாண்டும் வரை பொறுத்திருந்து குசினிக்குப் போனேன். சின்னக்கா இன்னும் முகத்தில் சிரிப்போடு, "தம்பி, அந்த மனிசன் கோழியைப் பிடிச்ச பிடி..." என்று தொடங்கினாள். என் முதுகில் அடிக்கக் கையும் வந்தது. நான் விலகி நின்றேன்.

"புருசன் செத்து ஒண்டரை வருசமாகேல்லை. சனம் என்ன சொல்லும்? இனிமேல் இந்த வீட்டிலை உன்ரை சிரிப்புச் சத்தம் எனக்குக் கேக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "சரி தம்பி" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கோபிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

நான் சொன்னது அந்த நேரத்து ஆத்திரம். ஆத்திரத்தில் சொன்னதை ஆறினபிறகு திருப்பி எடுக்கலாம். எடுக்கக் காரணமும் சீக்கிரமே வந்தது. அந்தச் சம்பந்தம் நிறைவேறி, கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என் மனைவி ஒருநாள் சோறு பரிமாறிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "பெரியப்பாவுக்கு உங்கடை வீடு பிடிக்கேல்லை, தெரியுமே? பெரியம்மாதான் ஒரே பிடியாய் நிண்டவ. அந்த வீட்டிலை வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு ஆள் இருக்கு, எங்கடை பிள்ளை அங்கை போனால் நல்லாய் இருப்பாள் எண்டு." பெரியம்மா தலையைக் குனிந்தது தன் சிரிப்பை மறைக்கத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சின்னக்காவின் சிரிப்பால் கெட்டுவிடும் என்று நான் பயந்த கல்யாணம், அந்தச் சிரிப்பால்தான் நடந்திருக்கிறது.

அன்று பின்னேரமே போய்ச் சொல்லியிருக்கலாம். விறாந்தையில் இருந்து குசினிக்குப் பத்தடி. 'அக்கா, நான் சொன்னது பிழை' என்றால் முடிந்தது. மற்றவர்களின் பிழைக்குச் சிவப்பு மையால் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவனுக்குத் தன் பிழையைச் சொல்ல நா எழவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். பிறகு, அவளே மறந்திருப்பாள், கிளறுவானேன் என்று விட்டேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. என் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். அவர்களுக்கு மாமி என்றால் வாயைத் திறக்காமல் மெல்லப் புன்னகைக்கிற, சட்டை தைத்துக் கொடுக்கிற, அமைதியான மாமி. வானொலியில் நகைச்சுவை நாடகம் போனால் அவள் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விடுவாள். ஏன் போகிறாள் என்று வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

ஒன்று மட்டும் இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது. வீட்டில் யாராவது பகிடி விட்டு எல்லாரும் சிரிக்கும்போது, சின்னக்கா முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு கணம்தான். ஏதோ கேட்பது போல இருக்கும் அந்தப் பார்வை. நான் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

சின்னக்காவின் பிள்ளையைப் பதினோராவது வயதில் அத்தானின் தங்கை கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தாள். நாட்டு நிலைமை அப்படி. வழியனுப்பிவிட்டு வந்து சின்னக்கா தையல் மெசினில் குந்தினாள், அன்று முழுக்க மெசின் நிற்கவில்லை. பிள்ளை அங்கே படித்து, வேலை எடுத்து, கல்யாணம் முடித்து, கடைசிப் பத்து வருடத்தில் மூன்று தரம் தாயைக் கூப்பிட்டாள். மூன்று தரமும் விசாக் கடிதம் எழுதினது நான்தான். ஆறு ஆறு மாதம் இருந்துவிட்டு வருவாள். வந்த அன்று என் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த நாட்டுப் புதினங்களை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நடுநடுவே நிறுத்தி என்னைப் பார்ப்பாள். நான் அவளுடைய உச்சரிப்பைத் திருத்துவேன். குளிரோ என்று கேட்பேன். ஓம் என்பாள்.

சாவீட்டுக்கு மருமகளால் வர முடியவில்லை. கடவுச்சீட்டு புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். முப்பத்தோராம் நாளுக்கு நாலு நாள் முன்னதாக வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, குளித்து, சாப்பிட்டபின் கல்வெட்டின் அச்சுத் தாள்களை அவள் முன்னால் வைத்தேன். கலகலப்பானவர் என்பது எனக்கே பிடிக்கவில்லை, வேறு சொல் யோசிக்கிறேன் என்றேன். அகராதியில் பார்த்ததையும் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்து, "சீவனுள்ளவ எண்டு போடுங்கோ மாமா, அதுதான் அம்மா" என்றாள். பிறகு தன் தொலைபேசியில் ஒரு வீடியோவை எடுத்துக் காட்டினாள்.

அவளுடைய மகனின் பிறந்தநாள். ஒரு பெரிய மேசையைச் சுற்றி ஆட்கள். நடுவில் சின்னக்கா. யாருடையதோ கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கரண்டியைப் பேனை போலப் பிடித்துக்கொண்டு, கழுத்தை என்னைப் போலவே இடப்பக்கம் சரித்து, "'இஸ்' இல்லைப் பிள்ளை, 'வாஸ்'! எத்தினை தரம் சொல்லுறது!" என்று அதட்டினாள். என் குரல். என் அதட்டல். மேசையே வெடித்துச் சிரித்தது. எல்லாச் சிரிப்புக்கும் மேலாக அவளுடைய சிரிப்பு எழும்பியது. பக்கத்தில் இருந்த பேரனின் முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. முப்பத்தேழு வருடம் நான் கேட்காத சத்தம். அது கொஞ்சமும் வயது போகாமல் அப்படியே இருந்தது.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. "பிள்ளை, இந்தச் சிரிப்பை இந்த வீட்டிலை நிப்பாட்டினது நான்தான்" என்று தொடங்கி, கோழியையும் குசினியையும் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா சொன்னதை அறிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் ஒளிக்கவில்லை.

"தெரியும் மாமா," என்றாள். "நான் அண்டைக்குக் குசினிக்குள்ளைதான் நிண்டனான். எட்டு வயசு."

"அம்மா என்னைப் பற்றி ஏதும்..."

"ஒண்டும் குறையாய்ச் சொல்லேல்லை. இஞ்சை வாறதுக்கு பிளேன் ஏறேக்கை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுவா. இந்த முறை தம்பி, 'அக்கா சிரி' எண்டு சொல்லுவான் எண்டு. நான் ஏசுவன். அம்மா, நீங்கள் சிரிக்கிறதுக்கு அவரிட்டை ஏன் கேக்கவேணும், என்னோடையே நில்லுங்கோவன் எண்டு. அதுக்கு அவ சொல்லுவா, அவன் சொல்லாமல் நான் சிரிச்சால் அவனுக்கு வெக்கமாய்ப் போகும், அவன் பாவம், தானாய்ச் சொல்லட்டும் எண்டு."

பிறகு அவள் எழும்பி, "மாமா, தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அச்சகத்தில் ஏழாம் பக்கத்துக் கலகலப்பானவரைச் சீவனுள்ளவர் என்று மாற்றுவித்தபின், அந்தப் பிள்ளை மூன்றாம் பக்கத்தைக் கணினியில் திறந்து தந்தாள். 'அமைதியே வடிவானவர், அதிர்ந்து பேசாதவர்' என்பதை எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தில் நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்: வாய்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவர். தம்பி சிரிக்கக்கூடாது என்று சொன்னதால் அவன் வீட்டில் முப்பத்தேழு வருடம் சிரிக்காமல் இருந்தவர். சொன்னது பிழை என்று தெரிந்தும் அதைத் திருத்தாத தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சேர், கல்வெட்டிலை ஒருத்தரும் இப்பிடிப் போடுறேல்லை. வாற சனமெல்லாம் வாசிக்கும்."

"வாசிக்கட்டும் பிள்ளை," என்றேன்.